மண் பாதையில் ஆர்எக்ஸ் 100: வைத்து ஓட்டிய அனுபவம்

யமஹா ஆர்எக்ஸ் 100 பற்றிப் பேசினால் பேச்சு சத்தத்திலும் பிக்கப்பிலுமே நின்றுவிடுகிறது. அதை வருடக்கணக்கில் மண்ணில் ஓட்டினால் எது தேயும், எதைக் கவனித்தால் தாங்கும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த வண்டி. கோவைப் பக்கம் மண் டிராக்கில் பழகியது. வாங்கும்போதே பட்டன் டயர், பல் கூடிய பின் ஸ்ப்ராக்கெட், அகலமான ஹேண்டில்பார், ஒரு எக்ஸ்பான்ஷன் சேம்பர் (நடுவில் விரிந்து குறுகும் பந்தயப் புகைக் குழாய்) எல்லாம் போட்டிருந்தது. சேம்பரை மட்டும் முதல் வேலையாகக் கழற்றி கம்பெனி சைலன்சரை மாட்டினேன். இன்றுவரை மாற்றவில்லை.

காரணம் இருக்கிறது. இந்த மாதிரி டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் புகையை வெளியேற்றத் தனி வால்வு கிடையாது. புகைக் குழாய்தான் பாதி வால்வு வேலையைப் பார்க்கிறது. போர்ட் (சிலிண்டர் சுவரில் புகை வெளியேறும் துளை) திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை, குழாய் விரியும் இடத்தில் உறிஞ்சும் அலையாகத் திரும்பி சிலிண்டரைக் காலி செய்ய உதவுகிறது. குறுகும் இடத்தில் மோதித் திரும்பும் அலை, வெளியே தப்பிய புதுக் கலவையை மறுபடி உள்ளே தள்ளுகிறது. இதைக் கணக்குப் போட்டுக் கையில் கொண்டுவந்தவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட் நிறுவனத்துப் பொறியாளர் வால்டர் காடன். 1961-லேயே 125 சிசி எஞ்சினில் 25 குதிரைத்திறன் எடுத்தார். அதே வருடம் அவருடைய பந்தய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தோடு மேற்கே தப்பி சுஸுகியில் சேர்ந்தார். 1962-ல் 50 சிசி உலகப் பட்டம் சுஸுகியில் ஓட்டிய அவருக்கே கிடைத்தது. அந்த அறிவு ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்ததால்தான் நம் ஊர் 98 சிசி வண்டி நிமிடத்துக்கு 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன் கொடுத்தது.

அலை திரும்பிவரும் நேரம் குழாயின் நீளத்தைப் பொறுத்தது. பந்தய சேம்பர் பவரை மேல் சுற்றுக்குத் தள்ளிவிடும். நேர் ரோட்டுக்கு அது சரி. செம்மண் வளைவில் மெதுவாகத் திரும்பி வெளியே வரும்போது முதலில் வண்டி திணறும், அப்புறம் திடீரென்று பவர் ஏறி பின்சக்கரம் வழுக்கும். கம்பெனி சைலன்சரில் நடுச் சுற்றிலேயே இழுவை கிடைக்கிறது, மண்ணுக்கு அதுதான் வேண்டும். சைலன்சரை அறுப்பவர்களையும் உள்குழாயை உருவிப் போடுபவர்களையும் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்கள் கழற்றி எறிவது எஞ்சினின் ஒரு பகுதி. ஆனால் உள்குழாயில் கரி சேரும். சேர்ந்தால் வண்டி மந்தமாகும். அதைக் கழற்றிக் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்துக் கழுவினால் போதும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

அடுத்தது ஆயில். மண்ணில் ஓட்டுபவர்கள் பலர் ஆட்டோலூப் பம்பை (தனி டேங்கிலிருந்து எஞ்சினுக்கு ஆயில் அனுப்பும் பம்ப்) கழற்றிவிட்டு, ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுவார்கள். நான் பம்பை விட்டுவைத்திருக்கிறேன். கலந்து ஊற்றிய வண்டியில் மேட்டிலிருந்து ஆக்சிலரேட்டரை மூடி கியரில் இறங்கினால், சுற்று அதிகம், உள்ளே போகும் பெட்ரோல் கொஞ்சம். ஆயிலும் அதே அளவு குறையும். பம்ப் சுற்றுக்கு ஏற்ப ஓடுவதால், ஆக்சிலரேட்டர் மூடியிருந்தாலும் குறைந்தபட்ச ஆயில் போய்க்கொண்டே இருக்கும். ஆயில் டேங்க் ஒருமுறை காலியாகிவிட்டால் குழாயில் காற்று நிற்கும். பம்பில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். காற்று முழுதாகப் போய்விட்டது என்று உறுதியாகும்வரை பெட்ரோல் டேங்கில் லிட்டருக்கு 40 மி.லி. டூ-டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலந்துகொள்வது என் வழக்கம். ஆயில் ஜாசோ எஃப்.டி தரம் (ஜப்பானிய ஆயில் தர அளவு). விலை கூடுதல்தான், கரியும் புகையும் குறைவு.

ஃபில்டர் விஷயத்தில் சமரசமே கிடையாது. தூசியில் ஓட்டிவிட்டு வந்த அன்றே நுரை ஃபில்டரை மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, எண்ணெய் தடவிப் பிழிந்து மாட்டுவேன். உலர்ந்த நுரை பொடி மண்ணை நிறுத்தாது. உள்ளே போன மண் பிஸ்டனைத் தேய்ப்பதோடு நிற்காமல், கிராங்க் பேரிங்கையும் தேய்த்துவிடும்.

கிராங்க் தண்டின் இரு பக்கமும் இருக்கும் ரப்பர் சீல்களைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மேக்னட் பக்கம் சீல் போனால் வெளிக்காற்றை உறிஞ்சும். ஐடிலிங் தானாக ஏறும், பிளக் வெளுக்கும், கடைசியில் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கம் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை தள்ளும், ஆயில் மட்டமும் குறையும். இரண்டுக்கும் கார்புரேட்டரைத் திருகிப் பயனில்லை. ஓடும்போது எஞ்சின் இறுகுவது போலத் தோன்றினால் உடனே கிளட்ச்சைப் பிடிக்க வேண்டும், யோசிக்க நேரம் இருக்காது.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபிறகு இன்னும் கவனம் தேவைப்படுகிறது. அதே ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளை) கலவை மெலிகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதாமல் போகிறது, எஞ்சின் சூடேறுகிறது. மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றிய பிறகு என் வண்டியில் பிளக் நிறம் மறுபடி காபிப்பொடி நிறத்துக்கு வந்தது. பழைய ரப்பர் குழாய்கள் ஊறிப்போகின்றன, புதிதாக மாற்றிவிடுவது நல்லது. சில வாரம் வண்டியை எடுக்கப்போவதில்லை என்றால் கார்புரேட்டரில் இருப்பதை வடித்துவிடுங்கள்.

போரிங், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவது என்று வந்தால், 50 மி.மீ. சிலிண்டரில் ஒவ்வொரு முறையும் 0.25 மி.மீ. கூட்டி நான்கு ஓவர்சைஸ் வரை போகலாம். கோவையில் நல்ல லேத்துகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எங்கே கொடுத்தாலும் பிஸ்டனைக் கையில் கொடுத்து, அதை அளந்துதான் போர் செய்யச் சொல்லுங்கள். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட அளவை நம்ப வேண்டாம். கடைகளில் ஒரிஜினல் போலவே பெட்டி போட்டுப் போலிகள் வருகின்றன. போர் முடிந்ததும் போர்ட் விளிம்புகளை லேசாகச் சாய்த்துத் தேய்க்கவில்லை என்றால் ரிங் அதில் மாட்டி உடையும். சிலிண்டரை வாங்கும்போது உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். விளிம்பு கூராகத் தட்டுப்பட்டால் அங்கேயே திருப்பிக் கொடுத்துத் தேய்த்து வாங்குங்கள்.