குப்பத்தில் ஹிட்டாச்சி வயரிங் பார்க்கும் போர்டில்லாத கடை

செகண்ட்ஸில் ஹிட்டாச்சி (மண் அள்ளும் எக்ஸ்கவேட்டர்) வாங்கும் யோசனை இருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இந்த எலெக்ட்ரீசியனைக் கூட்டிப்போய் வண்டியைக் காட்டிவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டு, மானிட்டரில் எர்ரர் வந்து முழிக்கிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். கடை ஆந்திராவின் குப்பம் ஊரில், கிருஷ்ணகிரி ரோட்டில் டயர் கடைகள் முடியும் இடத்தில் இருக்கிறது. ஒற்றை ஷட்டர், போர்டு கிடையாது. வாசலில் பழைய செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் குவிந்து கிடக்கும். வேப்பனப்பள்ளியிலிருந்து போகிற எங்களிடம் தமிழ், சுற்றுக் கிராமத்து ஆட்களிடம் தெலுங்கு, பங்காருப்பேட்டைக்காரர் வந்தால் கன்னடம். எதில் கேட்டாலும் பொறுமையாக விளக்குவார்.

எங்களுடையது 20 டன் வண்டி, கிரானைட் குவாரியில் ஓடுகிறது. காலையில் நன்றாக இழுக்கும். வெயில் ஏறி ஆயில் சூடானதும் பூம் (வண்டியின் பெரிய கை) மந்தமாகிவிடும், எஞ்சின் அமுங்கும், மானிட்டரில் மூன்று பிரஷர் சென்சாருக்கும் சேர்ந்தாற்போல எர்ரர் வரும். முதலில் வேறு ஓர் இடத்தில் காட்டினோம். ஆயிலைத் தள்ளும் ஹைட்ராலிக் பம்ப் தேய்ந்துவிட்டது, இறக்கி ஓவர்ஹால் பண்ண வேண்டும், இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். கேஜ் போட்டு பிரஷரைக்கூடப் பார்க்காமல் சொன்ன கணக்கு அது. எனக்கு உறுத்தலாக இருந்ததால் இவரை வரச்சொன்னேன்.

இவர் பம்ப் பக்கமே போகவில்லை. முதலில் பேட்டரி. 24 வோல்ட் வண்டிக்கு 12 வோல்ட் பேட்டரி இரண்டு சீரிஸில் இருக்கும். எஞ்சின் ஓடும்போது 28 வோல்ட் அளவுக்கு சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்தார். அப்புறம் செல்ஃப் அடிக்கச் சொல்லி, பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் மீட்டரை வைத்தார். அங்கே அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வயரின் முனையைக் கழற்றித் துருவைச் சுரண்டிவிட்டுத்தான் அடுத்த வேலை என்பது அவர் வழக்கம். எங்கள் வண்டியில் எர்த் சரியாக இருந்தது.

“மூணு சென்சாரும் ஒரே நேரத்துல போகாதுண்ணா. மூணுக்கும் பொதுவா என்ன போகுதுன்னு பார்ப்போம்” என்றார்.

இந்த பிரஷர் சென்சார்களுக்கு மூன்று வயர். ஒன்றில் வண்டியின் கம்ப்யூட்டரான கண்ட்ரோலரிலிருந்து 5 வோல்ட் வரும், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். பிரஷருக்குத் தகுந்தபடி சிக்னல் அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட்டுக்குள் ஏறி இறங்க வேண்டும். வண்டி சூடாக இருந்தபோது 5 வோல்ட் வரவேண்டிய பின்னில் ஒன்றரை வோல்ட்கூட இல்லை. சென்சார்களின் கப்ளரை (வயர் சேரும் பிளக்கை) ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஏதாவது ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால், அதைப் பிடுங்கியதுமே 5 வோல்ட் திரும்பிவிடும். மூன்றையும் பிடுங்கியும் வரவில்லை. அப்போ கோளாறு வயரிலோ கண்ட்ரோலரிலோதான். சாவியை ஆனில் போட வைத்து, ஒரு கையில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு, வயரிங் கிட்டை (மொத்த வயர் கட்டை) சாண் சாணாக அசைத்துக்கொண்டே வந்தார். பம்ப் ரூம் தகட்டுக்குப் பின்னால் ஒரு கிளாம்ப் இருக்கிற இடத்தில் அசைத்ததும் மீட்டர் 4.98 என்று ஏறியது, விட்டதும் விழுந்தது. டேப்பைப் பிரித்தால், கிளாம்பின் ஓரம் வயரின் மேல்தோலை அறுத்துச் செம்பு தெரிகிறது, சுற்றிலும் பச்சை பூத்திருக்கிறது. அந்தத் துண்டை மட்டும் வெட்டி, புது வயர் சேர்த்து கிரிம்ப் பண்ணி, மேலே ஸ்லீவ் சுருக்கி, கிளாம்பை நகர்த்தி ரப்பர் வைத்துக் கட்டினார். பம்பைத் தொடவே இல்லை. வண்டி இன்றைக்கும் அதே பம்பில்தான் உச்சி வெயிலிலும் மண் வாரிக்கொண்டிருக்கிறது.

வாங்குவதற்கு முன் வண்டி பார்ப்பதிலும் ஆள் கெட்டிக்காரர். பலமநேர் பக்கம் ஒரு வண்டி பார்க்கக் கூட்டிப்போனேன். எஞ்சினை யாரும் ஸ்டார்ட் பண்ணி வைக்கக் கூடாது, ஆறியே இருக்க வேண்டும் என்று முன்னாடியே போனில் சொல்லச் சொன்னார். சாவியை ஆன் செய்ததும் வார்னிங் லைட்டுகள் எல்லாம் ஒருதரம் எரிந்து அணைய வேண்டும். அங்கே ஒன்று எரியவே இல்லை. அதைவிட, ஆறிக் கிடக்கிற எஞ்சினில் டெம்பரேச்சர் முள் நடுவில் நின்றது. சென்சார் கப்ளருக்குப் பின்னால் டேப் சுற்றியிருந்த இடத்தைப் பிரித்தார். உள்ளே சின்னதாக ஒரு ரெசிஸ்டர். அந்த வகை சென்சார் ஆறியிருக்கும்போது 2,000 ஓம்ஸுக்கு மேல் காட்டும், சூடாகச் சூடாகக் குறைந்து சில நூறுக்கு வரும். ரெசிஸ்டரோ ஒரே அளவில் நிற்கும், எஞ்சின் கொதித்தாலும் முள் நகராது. ஓனரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிவிட்டோம். எஞ்சின் சூடேறுவதே தெரியாதபடி மறைத்து இப்படி விற்பது படுபாதகம்.

எர்ரரை அழித்துவிட்டு விற்கிறவர்களும் உண்டு. அதனால் நல்ல லோடில் அரைமணி நேரமாவது ஓட்டச் சொல்லிவிட்டு, திரும்ப மானிட்டரைப் பார்ப்பார்.

புது வண்டிகளில் அவர் கை ஓரளவுக்குத்தான் போகும். 2021 ஏப்ரலில் ஜேசிபி மாதிரி சக்கர வண்டிகளுக்குப் புதுப் புகை விதி வந்த பிறகு, எஞ்சினே கம்ப்யூட்டர் கண்ட்ரோலில் ஓடுகிறது. கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் லைனை பேட்டரி கழற்றிவிட்டு அளந்து 60 ஓம்ஸ் இருக்கிறதா, 120 காட்டி ஒரு முனை விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்துவிடுவார். எர்ரரோடு வரும் எஃப்எம்ஐ (கோளாறின் வகையைச் சொல்லும்) எண் 3 என்றால் வோல்ட் கூடுதல், 4 என்றால் குறைவு, 5 என்றால் லைன் விட்டுப்போயிருக்கலாம் என்று அதையும் படித்துச் சொல்வார். ஈசிஎம் (எஞ்சின் கம்ப்யூட்டர்) புரோகிராமிங் என்றால் “டீலர்கிட்ட போங்கண்ணா” என்று நேராகச் சொல்லிவிடுவார். அந்த நேர்மைக்காகவே அவரிடம் திரும்பப் போகலாம்.

குறை என்றால், சொன்ன நாளில் வரமாட்டார். குவாரிகள் மும்முரமாக ஓடும் மாதங்களில் நாலைந்து நாள் தள்ளும். ஜிஎஸ்டி பில் கிடையாது, கம்பெனிக் கணக்கில் காட்டுகிறவர்களுக்கு இது சிரமம். சைட்டுக்கு வந்து பார்க்க 1,500 ரூபாயும் பெட்ரோலும் வாங்குகிறார், கோளாறு கிடைக்காவிட்டாலும் அது உண்டு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

கூப்பிடுகிறவர்கள் முந்தின நாள் வண்டியை வாட்டர் வாஷ் பண்ணாதீர்கள், கப்ளருக்குள் தண்ணீர் இறங்கி இல்லாத எர்ரரும் வரும். தினமும் ஓட்டுகிற ஆபரேட்டரைக் கட்டாயம் கூட வைத்திருங்கள், எப்போது அமுங்குகிறது என்று அவருக்குத்தான் தெரியும். சமீபத்தில் பக்கெட் பல்லுக்கு வெல்டிங் அடித்திருந்தால், பேட்டரி கழற்றினீர்களா இல்லையா என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், கழற்றாமல் அடித்தால் கண்ட்ரோலர் கெடலாம் என்பதால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.