பேராதனையில் பௌதிகவியல் பட்டம்: மலையகத்திலிருந்து ஒரு மதிப்பீடு

அட்டன் பகுதிப் பாடசாலையொன்றில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். பரீட்சைப் பெறுபேறு வெளியாகி, பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடநெறிகளை வரிசைப்படுத்தும் நாள்கள் வந்துவிட்டால், ஏதேனும் ஒரு தாயோ தந்தையோ என்னிடம் வந்து, "டீச்சர், இஞ்சினியரிங் வராது போல இருக்கு, பௌதிக விஞ்ஞானம் போட்டா பிள்ளைக்கு நல்லா இருக்குமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நான் அதே பாடநெறியைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவள் என்பதாலும், அந்தக் கேள்விக்கு இரண்டு நிமிடத்தில் நேர்மையான விடை சொல்ல முடியாது என்பதாலும், எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாசற்படி. பௌதிக விஞ்ஞானப் பாடநெறிக்குப் பெரும்பாலான மாணவர்கள் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றுடனும் விண்ணப்பிக்கிறார்கள். மூன்றிலும் குறைந்தது சாதாரண சித்தி ஒரே அமர்வில் வேண்டும். உயர்தரத்தோடு நடக்கும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளிகள் வேண்டும். அதன் பிறகு இசட் புள்ளி, அதாவது மற்றப் பரீட்சார்த்திகளோடு ஒப்பிட்டுக் கணிக்கப்படும் புள்ளி. ஆனால் சாதாரண சித்தியோடு எவரும் உள்ளே போய்விடுவதில்லை. பாடநெறிக்குரிய இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் வரை மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் வரை கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கென்றும் நிரப்பப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அந்தக் கடைசிப் பட்டியலில் உள்ளன, கண்டி இல்லை.

இந்த ஒரு வரியைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. உங்கள் மாவட்டம் எது என்பதை வீட்டு முகவரி தீர்மானிப்பதில்லை. பரீட்சைக்கு முந்தைய ஆண்டுகளில் பிள்ளை எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. நல்ல பாடசாலை என்று எண்ணி, கடன்பட்டாவது பிள்ளையைக் கண்டி நகரத்துக்கு அனுப்பி, பின்னர் நுவரெலியாவின் வெட்டுப்புள்ளிக்கு (தெரிவாகத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளிக்கு) மேலேயும் கண்டியின் வெட்டுப்புள்ளிக்குக் கீழேயும் நின்று கண்கலங்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும். கண்டிக்கு அனுப்புவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள் என்கிறேன்.

இனி உள்ளே என்ன கிடைக்கிறது என்பதைப் பார்ப்போம். பேராதனையின் விஞ்ஞான பீடம் 1961இல் தொடங்கப்பட்டது. பௌதிக விஞ்ஞானத்துக்குத் தெரிவாகும் மாணவர் முதல் நாளிலேயே பௌதிகவியல் பட்டதாரியாகும் பாதையில் ஏறிவிடுவதில்லை. முதலிரண்டு ஆண்டுகள் பௌதிகவியலோடு கணிதம், இரசாயனவியல், புள்ளிவிபரவியல், கணினி விஞ்ஞானம் போன்றவற்றிலிருந்து தெரிவு செய்த பாடங்களையும் சமமாகப் படிக்க வேண்டும். அதன் பிறகு பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, மூன்று ஆண்டுகளில் முடியும் விஞ்ஞானமாணிப் பட்டம். மற்றது, சிறப்புப் பட்டம் என்று நாம் சொல்லிப் பழகிய நான்கு ஆண்டுக் கௌரவப் பட்டம். அதில்தான் குவாண்டம் பொறிமுறை, புள்ளிவிபரப் பொறிமுறை, திண்மநிலைப் பௌதிகவியல், கருப் பௌதிகவியல் என்று பாடம் ஆழமாகிப் போய், கடைசி ஆண்டில் ஓர் ஆய்வுச் செயற்றிட்டத்தோடு நிறைவடைகிறது.

பட்டங்களை மட்டங்களாக வகைப்படுத்தும் நாட்டின் தகைமைச் சட்டகத்தில் மூன்று ஆண்டுப் பட்டம் 5ஆம் மட்டம், 90 கிரெடிட்; நான்கு ஆண்டுப் பட்டம் 6ஆம் மட்டம், 120 கிரெடிட். இந்த எண்களை மாணவர்கள் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். அவற்றின் பாரத்தை உணர்வதில்லை. ஒரு கிரெடிட் என்பது விரிவுரை, செய்முறை, வாசிப்பு, பயிற்சி எல்லாம் சேர்த்து 50 மணித்தியால உழைப்பு. ஆண்டுக்கு 30 கிரெடிட் என்றால் 1,500 மணித்தியாலம். 15 வாரங்கள் கொண்ட இரண்டு அரையாண்டுகளில் அதைப் பங்கிட்டால் வாரத்துக்கு 50 மணித்தியாலம் வருகிறது. உயர்தரப் பரீட்சை முடிந்தவுடன் இனி மூச்சு விடலாம் என்று நினைத்து வரும் பிள்ளைக்கு யாரும் இந்தக் கணக்கைச் சொல்லி அனுப்புவதில்லை.

இந்தப் பட்டத்தைப் பற்றி நான் சொல்ல விரும்பும் முக்கியமான விடயம் இங்கேதான் இருக்கிறது. கௌரவப் பட்டத்துக்கு விரும்பியவர் எல்லோரும் போக முடியாது; இடம் மட்டுப்படுத்தப்பட்டது; தெரிவு முதலிரண்டு ஆண்டுப் பெறுபேறுகளைக் கொண்டு நடக்கிறது. எனவே உண்மையான நுழைவுப் பரீட்சை உயர்தரம் அல்ல, முதலாம் ஆண்டின் முதல் அரையாண்டு. ஏ தரத்துக்கு 4, பி தரத்துக்கு 3, சி தரத்துக்கு 2 என்று தரப்புள்ளிகள் கணிக்கப்படுகின்றன. முதலாம் ஆண்டில் தடுமாறி சராசரி 2.0 எடுத்த ஒரு பிள்ளை, இரண்டாம் ஆண்டில் எழுந்து நின்று 3.4 எடுத்தாலும், இரண்டும் சம கிரெடிட் என்றால் மொத்தச் சராசரி 2.7இல்தான் நிற்கும். எழுந்து நின்றதற்கு எண்ணில் தனி மதிப்பு இல்லை. மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிக்கும் பிள்ளைகளை இந்த முறை வடிகட்டிவிடுகிறது என்பதே இந்த அமைப்பின் மீது எனக்குள்ள பெரிய விமர்சனம். அது ஒரு பல்கலைக்கழகத்துக்கு மட்டும் உரியதன்று.

நம் பிள்ளைகள் ஏன் மெதுவாகத் தொடங்குகிறார்கள்? அறிவுக் குறைவால் அல்ல. 13 ஆண்டுகள் தமிழில் படித்துவிட்டு, ஒரே கோடை விடுமுறைபோலக் கழிந்துவிடும் காத்திருப்புக் காலத்தின் பின், ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரை மண்டபத்தில் போய் அமர்கிறார்கள். ஆர்முடுகல் என்றால் அவர்களுக்குக் கைவந்த சொல். அதையே எக்சலரேஷன் என்று கேட்கும்போது ஒரு கணம் மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. காவி வெக்டராகவும், உந்தம் மொமென்டமாகவும், அமுக்கம் பிரஷராகவும், வலு பவராகவும் மாறுகின்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கணம் போனால் ஒரு மணித்தியால விரிவுரையின் முடிவில் கரும்பலகையில் இருக்கும் சமன்பாடு மட்டும்தான் கையில் மிஞ்சும். நான் முதலாம் ஆண்டில் அப்படித்தான் இருந்தேன்: சமன்பாடுகளை அழகாகப் பிரதி செய்துகொண்டு விடுதிக்குப் போய், உயர்தரத் தமிழ்ப் பாடநூலை அருகில் விரித்து, எது எதற்குச் சமம் என்று ஒரு கொப்பியில் பட்டியல் போட்டேன். அந்தக் கொப்பி நிறைய எனக்கு ஓர் அரையாண்டு பிடித்தது. அந்த அரையாண்டின் புள்ளிகள் பட்டச் சான்றிதழ் வரை என்னோடு வந்தன.

இப்போது என் வகுப்பில் 12ஆம் தரத்திலிருந்தே அந்தக் கொப்பியைத் தொடங்கச் சொல்லிவிடுகிறேன். தமிழில் ஒரு கருத்தைக் கற்பித்து முடித்ததும் அதற்குரிய ஆங்கிலச் சொல்லைப் பலகையின் ஓரத்தில் எழுதுகிறேன். இதனால் பரீட்சையில் ஒரு புள்ளியும் கூடப் போவதில்லை. எனினும் இதைச் செய்யாமல் ஒரு பிள்ளையைப் பேராதனைக்கு அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

இரண்டாவது இடைவெளி ஆய்வுகூடம். உயர்தரப் பௌதிகவியல் வினாத்தாளில் முதற்பகுதியில் 50 பல்தேர்வு வினாக்களும், இரண்டாம் பகுதியில் நான்கு அமைப்புக் கட்டுரை வினாக்களும், ஆறு கட்டுரை வினாக்களில் நான்குக்கு விடையும் உள்ளன. அமைப்புக் கட்டுரை வினாக்கள் பரிசோதனைகளைச் சுற்றியே வரும். ஆனால் பரிசோதனையைக் கையால் செய்யாமலேயே அவற்றுக்கு விடையெழுதிவிடலாம். நான் படித்த பாடசாலையில் நாங்கள் அப்படித்தான் எழுதினோம். மின்னழுத்தத்தை ஒப்பிடும் அழுத்தமானியின் சுற்றை நூறு தடவை வரைந்திருக்கிறேன், ஒரு தடவையும் இணைத்ததில்லை. நுண்ணிய தடிப்பை அளக்கும் திருகுக்கணிச்சியின் பூச்சிய வழுவைப் படத்தில் வாசிக்கத் தெரியும். கையில் பிடித்துத் திருகிய அனுபவம் கிடையாது. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நகரத்துப் பாடசாலைப் பிள்ளைகள் ஒளியை ஆராயும் திருசியமானியைச் செப்பஞ் செய்துவிட்டு வாசிப்பு எடுக்கத் தொடங்கும்போது, நம் பிள்ளைகள் எந்தத் திருகைத் தொடுவது என்று தயங்கி நிற்பார்கள்.

இந்த இடத்தில்தான் பட்டத்துக்கு என் முழு மதிப்பையும் தருகிறேன். செய்முறை வகுப்புகள் அலங்காரத்துக்கு வைக்கப்பட்டவை அல்ல. வாராவாரம், வருகைப் பதிவோடு, அறிக்கையோடு, வழுக் கணிப்போடு நடப்பவை. ஒரு வாசிப்பை எடுத்து, அதில் எவ்வளவு நம்பலாம் என்று எண்ணால் சொல்லக் கற்றுக்கொண்டதுதான் அந்த ஆண்டுகள் எனக்குத் தந்த மிகப் பெரிய சொத்து. இரண்டு ஆண்டுகள் அந்த மேசைகளில் நின்ற பிறகு, தோட்டத்துப் பாடசாலையிலிருந்து வந்தவருக்கும் கொழும்பிலிருந்து வந்தவருக்கும் கையில் வித்தியாசம் தெரியாது. பௌதிகவியலை விரும்பிப் படிக்கும் பிள்ளைக்கு, இதற்காகவே இந்தப் பாடநெறியை நான் பரிந்துரைப்பேன்.

செலவைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவுமில்லை. அரச பல்கலைக்கழகத்தில் பாடநெறிக் கட்டணம் கிடையாது. மகாபொல புலமைப்பரிசிலோ பர்சரி உதவுதொகையோ குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கிடைக்கும். அட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டி செல்லும் பஸ்ஸே பேராதனையில் இறக்கிவிடும். ரயிலில் வருவோர் சரசவி உயனவில் இறங்கலாம். வீட்டைவிட்டு வெகுதூரம் அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு, இது சிறிய விடயமன்று. 1952இல் நம் மலைகளுக்கு நடுவே வந்த பல்கலைக்கழகம் இது. தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்ததோ 1970களில்தான். இடையில் எத்தனை தலைமுறை அந்த மதிலை வெளியிலிருந்து மட்டும் பார்த்தது என்று நினைக்கையில் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

மூன்றா, நான்கா? மூன்று ஆண்டுப் பட்டத்தைத் தாழ்வாகப் பேசும் பழக்கம் மாணவர்களிடையே உண்டு, அது தவறு. குடும்பத்தில் முதல் சம்பளம் விரைவில் வரவேண்டும் என்றால், ஆசிரியத் தொழிலுக்குப் போக விரும்பினால், மூன்று ஆண்டுகள் போதும். மலையகப் பாடசாலைகளில் தமிழ் மொழியில் பௌதிகவியல் கற்பிக்கக்கூடிய பட்டதாரிக்கு உள்ள தேவை எவருக்கும் தெரிந்ததே. ஆனால் ஆய்வுக்கோ வெளிநாட்டு உயர்கல்விக்கோ மனம் இருந்தால், நான்கு ஆண்டுகளை விட்டுக்கொடுக்க வேண்டாம். பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் நான்கு ஆண்டுப் பட்டத்தையே எதிர்பார்க்கின்றன. அமெரிக்காவில் பௌதிகவியல் முனைவர் படிப்புக்குத் தெரிவானால், கற்பித்தல் உதவியாளராகப் பணியாற்றிச் சம்பளத்தோடு படிக்கும் வழி இருக்கிறது. உள்ளூரிலும் கதவுகள் அருகிலேயே உள்ளன: வளாகத்துக்குள் பட்டப்பின் விஞ்ஞான நிறுவனம், ஹந்தானையில் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம். சாய உணர்திறன் கொண்ட சூரியக் கலங்கள் பற்றிய ஆய்வில் உலகத்தார் அறிந்த வேலைகள் அந்த ஹந்தானை மலைச்சரிவில் நடந்திருக்கின்றன. கீழே மகாவலிக் கரையில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு, மேலே அண்ணாந்து பார்த்தாலே தன் அடுத்த படி தெரிகிறது என்பது எல்லா நாடுகளிலும் கிடைக்கும் வாய்ப்பல்ல.

வெட்டுப்புள்ளி தவறிய பிள்ளைகளுக்கும் ஒரு சொல். திறந்த பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானமாணிப் பட்டத்தில் பௌதிகவியலைப் படிக்கலாம். இசட் புள்ளி கேட்கமாட்டார்கள். பொல்கொல்லையில் அதன் கண்டிப் பிராந்திய நிலையம் இருக்கிறது. கட்டணம் உண்டு, ஆங்கில மொழிதான், தனியே இருந்து படிக்கும் மன உறுதி வேண்டும். வேலை செய்துகொண்டே படிக்க நினைப்போருக்கு ஏற்றது. பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தொழில்நுட்பம் சார்ந்த பட்டங்களில் கவனம் செலுத்துவது. தூய பௌதிகவியலைத் தேடுபவர் அங்கே அதை எதிர்பார்க்க வேண்டாம்.

இவற்றையெல்லாம் விட்டுவிட்டுக் குறுக்கு வழி தேடுவோரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். என் மாணவி ஒருத்தியின் குடும்பம், ஒன்றரை ஆண்டில் வெளிநாட்டு விஞ்ஞானப் பட்டம் தருவதாகச் சொன்ன ஒரு தனியார் நிறுவனத்தில் தாயின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டியது. அவள் அங்கு ஓர் ஆய்வுகூடத்தையும் பார்க்கவில்லை. அப்படி எவரேனும் உங்களிடம் வந்தால் மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள்: இந்தப் பட்டம் எத்தனை கிரெடிட், தகைமைச் சட்டகத்தில் எந்த மட்டம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இதை ஏற்றுக்கொண்டிருக்கிறதா? விடைகளை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பணம் கட்டுவதற்கு முன் பிள்ளையின் பௌதிகவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.