சரவிளக்கும் கிழங்கு மழையும்

இரண்டுமே மேலிருந்து தொங்கும் கண்ணாடிக் கலைப்படைப்புகள். இரண்டிலும் 2000க்கு மேல் கண்ணாடித் துண்டுகள். ஆனால் கோபத்தைச் சொல்லும் விதம் வேறு.

சீனக் கலைஞர் அய் வெய்வெய் 2022இல் வெனிஸில் காட்சிக்கு வைத்த ‘லா கொமெடியா உமானா’ ஒரு கறுப்புச் சரவிளக்கு. வெனிஸை ஒட்டிய, கண்ணாடி வேலைக்குப் பேர்போன முரானோ தீவின் கைவினைஞர்கள் செய்தது. மண்டையோடு, எலும்பு, உள்ளுறுப்புகள், நடுநடுவே கண்காணிப்பு கேமரா. பெயர்தான் விளக்கு, வெளிச்சம் தராது. பார்த்ததும் மிரட்டிவிடும்.

ஆஸ்திரேலியப் பழங்குடிக் கலைஞர் யொன்னி ஸ்கேர்ஸின் ‘தண்டர் ரெய்னிங் பாய்சன்’ (2015) அப்படி மிரட்டாது. ஊதிச் செய்த கண்ணாடிக் கிழங்குகள் மழைபோல இறங்குகின்றன. ஒவ்வொன்றும் வள்ளிக்கிழங்கு மாதிரி நீண்டு, நுனி சிறுத்து, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் இருக்கும். அழகாக இருக்கிறதே என்று அருகில் போவோம். அப்புறம்தான் கதை தெரியும்: 1950களில் பிரிட்டன் அணுகுண்டு சோதித்த ஆஸ்திரேலியாவின் மரலிங்காவில், வெடிப்பின் சூட்டில் பாலைவன மணலே உருகிக் கண்ணாடியானது. மண்ணுக்கடியில் விளையும் உணவு அங்கே வானத்திலிருந்து விழும் நஞ்சாகிறது.

முதலாவதில் கண்ணாடிக்குப் பதில் இரும்பை வைத்தாலும் செய்தி பெரும்பாலும் நிற்கும். இரண்டாவதில் கண்ணாடியே சாட்சி. என் ஓட்டு ஸ்கேர்ஸுக்குத்தான்.