அடர்காட்டுக்கு ஒரு லீவர் ரைஃபிள்: மார்லின் 336 நீண்டகால அனுபவம்

லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள், அதாவது அடியில் உள்ள லீவரை இயக்கித் தோட்டா மாற்றும் துப்பாக்கி, வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, நீங்கள் வேட்டைக்குப் போகும் இடத்தில் கண்ணுக்கு எட்டுகிற தூரம் எவ்வளவு என்பதைத்தான். எந்தக் கம்பெனி, எந்தத் தோட்டா, ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வேண்டுமா வேண்டாமா, எல்லாவற்றுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது. நான் இருப்பது கனடாவின் ஒன்டாரியோவில். நவம்பரில் மான் வேட்டைக்குப் போவது பான்கிராஃப்ட் பக்கத்துக் காடுகளுக்கு. பாறை, சதுப்பு, மேப்பிள், நடுநடுவே சீடர் புதர். அங்கே நூறு கஜம் தெளிவாகத் தெரிந்தாலே பெரிய விஷயம், பெரும்பாலும் ஐம்பது அறுபது கஜத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்தக் காட்டுக்கென்று நான் தேர்ந்தெடுத்தது .30-30 தோட்டா சுடும் மார்லின் 336, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சில வருடங்களாக மான் சீசனுக்கும், மற்ற மாதங்களில் கிளப்பில் குறிபார்த்துச் சுடுவதற்கும் அதுதான் என் துப்பாக்கி.

வாங்குவதற்கு முன்னால் சட்டம். கனடாவில் பாதுகாப்புப் பயிற்சி முடித்து, தேர்வு எழுதி, துப்பாக்கி வைத்திருப்பதற்கான பிஏஎல் உரிமம் வாங்க வேண்டும். வேட்டைக்குத் தனியாக வேட்டைக் கல்விப் பயிற்சியும் மாகாண அட்டையும் உண்டு. லீவர் ரைஃபிள் சாதாரண வகுப்பில் வருவதால் அதற்கு மேல் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: தெற்கு ஒன்டாரியோவில் பல வேட்டைப் பகுதிகளில் மானுக்கு ரைஃபிளே கூடாது, ஷாட்கன் மாதிரியானவைதான் அனுமதி. உங்கள் பகுதியின் எண்ணை அந்த வருடத்து விதிப்புத்தகத்தில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. நான் இடதுகைக்காரன். கைப்பிடியைத் தூக்கி இழுத்துத் தோட்டா மாற்றும் போல்ட் ஆக்‌ஷனில் அந்தக் கைப்பிடி வலப்பக்கம் இருக்கும், ஒவ்வொரு முறையும் துப்பாக்கிக்கு மேலே கையைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். இடதுகைக்கென்று செய்தவை செகண்ட் ஹேண்டில் அபூர்வமாகத்தான் கிடைக்கின்றன. லீவர் நடுவில் அடியில் இருக்கிறது, எந்தக் கைக்கும் ஒன்றுதான். 336-இல் காலித் தோட்டா வலப்பக்கம் தெறிப்பதால் என் முகத்துக்கு முன்னால்தான் பறக்கும், ஆனால் விலகித்தான் போகிறது, பாதுகாப்புக் கண்ணாடி போட்டால் போதும்.

சரி, எந்த ரைஃபிள்? காட்டுக்கென்று பார்த்தால் போட்டி பெரும்பாலும் வின்செஸ்டர் 94-க்கும் மார்லின் 336-க்கும் இடையில்தான். ஜான் பிரவுனிங் வடிவமைத்த 94-தான் மூத்தது; .30-30 தோட்டாவே 1895-இல் அதற்காகத்தான் வந்தது. மெலிந்த உடம்பு, எடையும் குறைவு, கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடலோரத்தைக் காவல் காத்த உள்ளூர் ரேஞ்சர் படைக்குக் கனடா அரசு வாங்கிக் கொடுத்தவற்றில் அதுவும் உண்டு. ஆனால் பழைய 94-இல் காலித் தோட்டா நேராக மேலே தெறிக்கும், அதனால் துப்பாக்கிக்கு நடுவே ஸ்கோப் வைக்க முடியாது. 1980-களில் அதைச் சாய்வாகத் தெறிக்கும்படி மாற்றினார்கள். 1948-இல் வந்த மார்லின் 336-க்கு அந்தப் பிரச்சினையே இல்லை, மேல்பக்கம் முழு இரும்பு, ஓட்டை பக்கவாட்டில். இன்றைக்கு ஸ்கோப் வேண்டாம் என்று நினைப்பவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் கண் என்ன சொல்லும் என்று தெரியாது, அதனால் நான் மார்லினுக்குப் போனேன்.

மார்லின் வாங்குபவர் அது எந்தக் காலத்துத் துப்பாக்கி என்று பார்க்க வேண்டும். 2007-இல் ரெமிங்டன் அந்தக் கம்பெனியை வாங்கி, பிறகு கனெக்டிகட் தொழிற்சாலையை மூடி நியூயார்க் மாநிலத்துக்கு மாற்றியது. மாறிய புதிதில் வந்தவற்றின் தரத்தைப் பற்றி வேட்டைக்காரர்களிடம் நிறையப் புகார் இருந்தது, கடைசி வருடங்களில் தேறியது என்பார்கள். 2020-இல் ரெமிங்டன் திவாலானபோது ரூகர் வாங்கியது, இப்போது வட கரோலினாவில் அவர்கள் செய்யும் 336-க்கு நல்ல பெயர். பழைய கனெக்டிகட் துப்பாக்கியைக் கண்டுபிடிக்க, பேரலின் இடப்பக்கம் உடலோடு சேரும் இடத்துக்கு அருகே ஜேஎம் என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். என்னுடையதில் இருக்கிறது.

புதிதாக வருபவர்களுக்குத் தோட்டாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இவற்றில் தோட்டாக்கள் பேரலுக்கு அடியில் உள்ள குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்முனைத் தோட்டா போட்டால் அதன் முனை முன்னால் உள்ள தோட்டாவின் பிரைமரில் (அடிபட்டால் தீப்பற்றும் பின்பக்க மூடியில்) இடித்துக்கொண்டு நிற்கும், சுடும்போது வரும் உதையில் உள்ளேயே வெடிக்கும் ஆபத்து உண்டு. அதனால்தான் தட்டையான முனை. தட்டை முனை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். 170 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டை நூறு கஜத்துக்குச் சரிசெய்து வைத்தால் இருநூறு கஜத்தில் எட்டு, ஒன்பது அங்குலம் கீழே விழும். ஹார்னடியின் லெவரெவல்யூஷன் தோட்டாவில் ரப்பர் மாதிரி வளையும் கூர்முனை வைத்திருக்கிறார்கள், குழாயில் போட்டாலும் ஆபத்தில்லை, தூரமும் கொஞ்சம் கூடும். என் காட்டுக்குச் சாதாரண 170 கிரெயினே தாராளம். வயல்வெளியில் இருநூற்றைம்பது கஜம் சுடுபவராக இருந்தால் லீவர் ஆசையை பிரவுனிங் பிஎல்ஆரில் தீர்த்துக்கொள்ளலாம், அதில் குழாய்க்குப் பதில் பெட்டி மேகசின் என்பதால் .308 கூர்முனையும் போகும். விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் எடுத்து நடக்கும்போதுதான் இந்தத் துப்பாக்கியின் அருமை தெரியும். சுமார் ஏழு பவுண்டு, பேரல் இருபது அங்குலம். லீவருக்கு முன்னால், உடலின் அடிப்பக்கத்தை ஒரு கையால் பிடித்தால் எடை இரண்டு பக்கமும் சமமாக நிற்கும். துருத்திக்கொண்டு எதுவும் இல்லாததால் சீடர் கிளைகளுக்குள் நுழையும்போது எதிலும் மாட்டாது. மேலே பெரிய ஸ்கோப் வைத்தால் இந்தச் சுகத்தில் பாதி போய்விடும். நான் பீப் சைட் வைத்திருக்கிறேன். பின்னால் ஒரு வளையம், முன்னால் பித்தளைப் பொட்டு. வளையத்தைக் கண் தானாகவே மையப்படுத்திக்கொள்ளும், பொட்டை மட்டும் பார்த்தால் போதும். காட்டுக்குப் பெரிய துளை, கிளப்பில் காகிதக் குறிக்குச் சின்னத் துளையைத் திருகிக்கொள்கிறேன். பனி பெய்யும் நாளில் துளை அடைத்துக்கொள்ளும், உட்கார்ந்த இடத்தில் அவ்வப்போது வாயால் ஊத வேண்டியிருக்கும். அந்தி வெளிச்சத்தில் ஸ்கோப்புக்கு ஈடாகாது என்பதும் உண்மை. சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை சட்டம் அனுமதிக்கிறது, என் பீப் சைட் அதற்கு முன்பே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

போன சீசனில் எடுத்த மான் சதுப்பின் ஓரத்தில், அறுபது கஜம் இருக்கலாம், பக்கவாட்டில் நின்றது. முன்னங்காலுக்குப் பின்னால் ஒரே குண்டு. நாற்பது கஜம்கூட ஓடவில்லை. பழக்கத்தில் லீவரை இழுத்து இரண்டாவது தோட்டாவும் தயாராக இருந்தது, தோளிலிருந்து துப்பாக்கியை இறக்கவே இல்லை. .30-30-இன் உதை அவ்வளவு மென்மை. இறைச்சி நிறைய சேதமாகவில்லை, தொடைக்கறியை மிளகு போட்டு வறுத்தால் வீட்டில் ஆட்டுக்கறியைத் தேடுவதில்லை.

குறிச்சுடுதலுக்கு வருவோம். நூறு கஜத்தில் பீப் சைட்டோடு மூன்று குண்டும் இரண்டரை அங்குலத்துக்குள் விழுந்தால் எனக்குத் திருப்தி. நான்காவது, ஐந்தாவது குண்டு மேலே ஏறத் தொடங்கும். பேரல் மெலிது, அதோடு குழாயும் மரமும் பட்டைகளால் கட்டப்பட்டிருப்பதால் சூடேறினால் எல்லாம் சேர்ந்து இழுக்கும். அதனால் மூன்று சுட்டுவிட்டு ஆறவிடுகிறேன். பெஞ்சில் சுடும்போது பேரலை எதன்மீதும் வைக்காதீர்கள், முன்மரத்தை உடலுக்கு அருகே கையில் பிடித்து, கையை மூட்டைமேல் வையுங்கள், குறி உடனே சுருங்கும். ஆனால் இந்தத் துப்பாக்கிக்குப் பெஞ்ச் சரியான இடமில்லை. எழுந்து நின்று இரும்புத் தகடுகளைச் சுடும்போதுதான் அதன் சுபாவம் வெளிப்படும். லீவர் ரைஃபிளுக்கென்றே சிலுவெட் போட்டி இருக்கிறது. கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக்கடா வடிவ இரும்புகள் 50, 100, 150, 200 மீட்டரில் நிற்கும், நின்றபடியே சுட்டுச் சாய்க்க வேண்டும். காட்டில் கை நடுங்காமல் இருக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

லீவரைத் தயங்காமல், முழுசாக, முன்னால் முட்டும் வரை தள்ளி முழுசாகத் திருப்ப வேண்டும். பாதியில் நிறுத்தினால்தான் தோட்டா சிக்கும். குளிரில் கெட்டியான கிரீஸ் உறைந்து லீவரை மந்தமாக்கும், நவம்பருக்கு மெல்லிய எண்ணெய் ஒரு துளி போதும்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கறார். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலை, அறைக்குள் தோட்டா இருக்கும்போது கட்டை விரலால் மெதுவாக இறக்கிப் பாதியில் நிறுத்துவது லீவர் ரைஃபிளில் வழக்கம். கையுறை போட்ட, விறைத்த விரலில் அது வழுக்கலாம். எப்போதும் வெறும் விரலால், பேரலைத் தரையை நோக்கிப் பிடித்துச் செய்கிறேன். 1980-களின் நடுவிலிருந்து வந்த 336-களில் குறுக்குப் பொத்தான் பாதுகாப்பும் உண்டு, பழமை விரும்பிகள் அதை வெறுப்பார்கள், எனக்கு அது இருப்பதில் மகிழ்ச்சி. ஸ்கோப் வைத்தால் சுத்தியலில் பக்கவாட்டு நீட்டிப்பு ஒன்றைத் திருகிக்கொள்வது அவசியம். இன்னொன்று, தோட்டாவை வெளியே எடுப்பது. பக்கக் கதவு வழியாகத் தோட்டா போடும் துப்பாக்கிகளில் உள்ளிருக்கும் ஒவ்வொன்றையும் லீவரை இயக்கித்தான் வெளியே எடுக்க வேண்டும், விசையில் விரல் படவே கூடாது. குழாயை உருவிக் கொட்டிவிடலாம் என்பதுதான் ஹென்றி ரைஃபிள்களில் எனக்குப் பிடித்த விஷயம். குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் எண்ணம் இருந்தால் இதை யோசியுங்கள்.

சுத்தம் செய்வதில் மார்லினை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரே ஒரு திருகாணி. அதைக் கழற்றி, லீவரை உருவி, போல்ட்டைப் பின்னால் இழுத்தால் பேரல் பின்பக்கமிருந்தே திறந்துவிடும். உள்ளே தோட்டாவைத் தள்ளும் சின்ன இரும்புத் துண்டு தளர்ந்து விழும், அதைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், கராஜ் தரையில் விழுந்தால் தேடி மாளாது. 94-ஐ முன்வாயிலிருந்துதான் துடைக்க வேண்டும்.

மற்றத் தோட்டாக்கள்? கிளப்பில்தான் அதிகம் சுடுவேன், மான் எப்போதாவது என்றால் .357 மேக்னம், அதே துப்பாக்கியில் .38 ஸ்பெஷலும் போட்டுச் செலவில்லாமல் சுடலாம். மானுக்கு எழுபது எண்பது கஜத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூஸ், கரடி என்றால் .45-70, உதைக்குத் தோளைத் தயார் செய்துகொள்ளுங்கள். வேறு எதுவும் சொல்லாமல் "முதல் லீவர் எது" என்று கேட்டால் ஹென்றியின் .22-ஐத்தான் சொல்வேன். ஒரு .30-30 தோட்டாவின் விலையில் பத்து .22 சுடலாம், லீவரை முழுசாக இழுக்கும் பழக்கமும் அதிலேயே வந்துவிடும்.

செகண்ட் ஹேண்டில் பார்க்கும்போது திருகாணித் தலைகளைத்தான் முதலில் பாருங்கள். தலை சிதைந்திருந்தால் தெரியாதவர் கை உள்ளே போயிருக்கிறது. பிறகு பேரலின் வாய் விளிம்பில் வடு இருக்கிறதா, உள்ளே வெளிச்சம் பிடித்தால் குண்டைச் சுழற்றும் சுருள் வரிகள் கூர்மையாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். கடைக்காரர் அனுமதித்தால் டம்மி தோட்டா போட்டு லீவரை மெதுவாக ஒரு முறை, வேகமாக ஒரு முறை இயக்கிப் பாருங்கள். ஒரு கடையில் எனக்கு அனுமதி மறுத்தார்கள், நான் அங்கே வாங்கவில்லை.