இரண்டு பீட்டர் பார்க்கர்கள்: 2002, 2012

இயக்குநர் சாம் ரெய்மி 2002-இல் தொடங்கிய ஸ்பைடர்மேன் வரிசையின் மூன்றாவது படம் 2007-இல் வந்தது. ஐந்தே ஆண்டுகளில், 2012-இல், இன்னொரு இயக்குநர் மார்க் வெப், பீட்டர் பார்க்கர் ஸ்பைடர்மேன் ஆகும் கதையை முதலிலிருந்து தொடங்கினார். ‘இவ்வளவு சீக்கிரம் எதற்கு?’ என்று ரசிகர்கள் கேட்டது நியாயம்தான்.

எந்தப் படம் சிறந்தது என்ற வாக்குவாதம் பெரும்பாலும் ஸ்பைடர்மேன் வீசும் வலையில் ஆரம்பிக்கும். 2002-இன் பீட்டரான டோபி மெக்வயருக்கு மணிக்கட்டிலிருந்தே வலை பீறிடும். 2012-இன் ஆண்ட்ரூ கார்ஃபீல்டோ காமிக்ஸில் உள்ளபடி கருவி செய்து கட்டிக்கொள்கிறார். பீட்டரின் மூளைக்குச் செய்யும் மரியாதை அது. இதில் என் ஓட்டு புதியதற்கு. காதலிலும் அப்படியே: எம்மா ஸ்டோன் நடித்த காதலி க்வென், பீட்டர்தான் ஸ்பைடர்மேன் என்ற ரகசியம் தெரிந்தே கூட நிற்கிறாள்.

சரி, பெரியப்பா பென்னின் மரணம்? இரண்டு படத்திலும் பீட்டர் ஒரு திருடனைத் தப்பவிடுகிறான், அதன் விலையாகப் பெரியப்பாவை இழக்கிறான். 2002-இல் துரத்திப் பிடித்த கொலைகாரன் அதே திருடன்தான் என்று வெளிச்சத்தில் தெரியும் அந்த நொடி இன்னும் நெஞ்சை அடைக்கிறது. 2012-இல் கொலைகாரனைத் தேடும் பீட்டர், வில்லனான பல்லி மனிதன் வந்ததும் தேடலைப் பாதியில் விட்டுவிடுகிறான். கதையின் உயிரே அந்தக் குற்ற உணர்ச்சிதானே! அப்புறம், 2002-இன் வில்லன் வில்லெம் டஃபோ கண்ணாடி முன் தன்னோடு தானே பேசும் காட்சிக்கு ஈடாகப் புதிய படத்தில் எதுவுமில்லை. நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது 2002-ஐத்தான்.