பபள் டீ வேலை: பேரங்காடிக் கிளையா, கடைவரிசைக் கிளையா?

மலேசியாவில் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்குக் கோலாலம்பூரில் எளிதாகக் கிடைக்கும் வேலைகளில் பபள் டீ கடை வேலையும் ஒன்று. ஆனால் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இரண்டு வகை முதலாளிகள் இருக்கலாம் என்பதை விண்ணப்பிக்கும் பலர் கவனிப்பதில்லை. சில கிளைகளைத் தலைமை நிறுவனமே நடத்துகிறது. மற்றவற்றை, பெயரையும் செய்முறையையும் கட்டணம் கொடுத்துப் பெற்ற தனி முதலாளி நடத்துகிறார். என் தங்கை பேரங்காடியில் இருந்த ஒரு நிறுவனக் கிளையில் ஆறு மாதமும், செராஸ் வட்டாரக் கடைவரிசையில் இருந்த ஒரு தனி முதலாளியின் கிளையில் ஏழு மாதமும் வேலை பார்த்தவள்.

அடிப்படைச் சம்பளத்தை வைத்து இரண்டையும் ஒப்பிடுவதில் பயனில்லை. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதத்திற்கு 1,700 ரிங்கிட், மணிக்கு 8.72 ரிங்கிட், ஐந்து பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்த அவகாசமும் அவ்வாண்டு ஜூலையோடு முடிந்துவிட்டது. வேறுபாடு வேலை நேரம் எப்படிப் பதிவாகிறது என்பதில்தான் இருக்கிறது. பேரங்காடியில் கைரேகை வைத்தால்தான் உள்ளே போகவும் வெளியே வரவும் முடியும் என்பதால், பத்து மணிக்குக் கடை அடைத்தபின் பாத்திரம் கழுவும் முக்கால் மணி நேரமும் கணக்கில் ஏறியது. செராஸில் மேற்பார்வையாளர் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதே கணக்கு. அதில் அந்த முக்கால் மணி நேரம் ஒருநாளும் இடம்பெறவில்லை. வாரத்திற்கு 45 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு கூலி என்று சட்டம் சொன்னாலும், எழுதப்படாத நேரத்தை எதை வைத்துக் கேட்பது?

வேலையின் கடுமை இரண்டிலும் ஒன்றே. பபள் டீயில் சேரும் மரவள்ளி மாவு முத்துகளைக் கொதிநீரில் போட்டு, அடிபிடிக்காமல் கிளறி, மூடி வைத்து ஊறவிட்டு, பிறகு அலசிச் சர்க்கரைப் பாகில் போட வேண்டும். சில மணி நேரம் போனால் அவை இறுகிவிடும் என்பதால் கொட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பேரங்காடியில் இதற்கென்று ஒருவர் இருந்தார். செராஸில் இரண்டே பேர்தான். அடுப்பில் பானை கொதிக்கும்போதே டெலிவரி ஆர்டர் வந்து மணி அடிக்கும், மூடி ஒட்டும் இயந்திரத்தில் தாளும் சிக்கிக்கொள்ளும். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அரைமணி நேர ஓய்வு தர வேண்டும் என்ற விதி, இரண்டு பேர் மட்டும் நிற்கும் கடையில் சுவரில் ஒட்டிய தாளாகவே நின்றுவிடுகிறது. தங்கை அங்கே நாசி லெமாக் பொட்டலத்தைக் குளிர்பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டே சாப்பிட்டிருக்கிறாள்.

பகுதிநேர வேலை என்று சேருவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முழுநேர ஊழியரின் வழக்கமான நேரத்தில் 30 முதல் 70 விழுக்காடு வரை வேலை செய்பவரையே 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் பகுதிநேர ஊழியராகக் கொள்கின்றன. 45 மணி நேரத்தில் 70 விழுக்காடு என்பது 31.5 மணி நேரம். வாரந்தோறும் நாற்பது மணி நேரம் நின்றுகொண்டு 'பார்ட் டைம்' பட்டியலில் இருப்பவர், முழுநேர ஊழியராகத் தமக்குரிய விடுமுறை நாள்களை இழந்துகொண்டிருக்கிறார்.

தீபாவளி விஷயத்தில் மட்டும் செராஸ் முதலாளியே மேல். ஆண்டுக்குச் சம்பளத்துடன் தர வேண்டிய 11 பொது விடுமுறைகளில் ஐந்தைச் சட்டமே குறித்துவிடுகிறது. தீபாவளி அந்த ஐந்தில் இல்லை, மீதி ஆறில் அதைச் சேர்ப்பது முதலாளியின் விருப்பம். நிறுவனம் தன் பட்டியலை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒட்டிவிட்டது, அதில் தீபாவளி இல்லை. செராஸ் முதலாளியோ, கேட்டவுடனே இரண்டு நாள் கொடுத்து, முறுக்கு கொண்டு வரச் சொன்னார்.

கல்லூரி தொடங்கும்வரை சில மாதம் மட்டும் வேலை பார்க்க நினைப்பவருக்கு, பேருந்தும் ரயிலும் எட்டும் பேரங்காடிக் கிளையையே நான் சொல்வேன். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகக் கடைவரிசைக் கிளையில் சேர்வதானால், முதல் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் அதில் அச்சிட்டிருக்கும் நிறுவனத்தின் பெயரைப் படித்துவிட்டு, இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதிக் கணக்கில் முதலாளியின் பங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1,700 ரிங்கிட் சம்பளத்திற்கு அது 221 ரிங்கிட். தங்கையின் கணக்கில் செராஸ் பணம் மூன்றாவது மாதத்தில்தான் ஏறியது, அதுவும் அவள் இரண்டு முறை கேட்ட பிறகு.