டேனிஷ் மருந்துக்கடைப் பேச்சு: செயலியில் படித்ததும் கடையில் கேட்டதும்

கோபன்ஹேகனுக்குக் குடிவந்த புதிதில், ஒலியோடு டேனிஷ் சொற்றொடர்களைச் சொல்லித்தரும் செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டினேன். அதில் மருந்துக்கடைக்கென்றே ஒரு பாடம் உண்டு. சில வருடங்களாக அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நமக்கு என்ன செய்கிறது என்று சொல்லப் பழக்குவதில் அது கெட்டி. எதிரில் நிற்பவர் கேட்பதைப் புரியவைப்பதில் பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். ‘யை ஹா ஒன்ட் இ ஹால்ஸன்’ என்றால் தொண்டை வலிக்கிறது. கடைசிச் சொல்லை மட்டும் ‘மேவன்’ என்று மாற்றினால் வயிற்று வலி. இந்த ஒரு வாய்பாட்டை வைத்தே பாதி உடம்பைச் சொல்லிவிடலாம். இருமலுக்கு ‘ஹோஸ்தெ’, காய்ச்சலுக்கு ‘ஃபேபர்’. இதெல்லாம் ஒரு வாரத்தில் நாக்கில் உட்கார்ந்துவிடும்.

ஆனால் ‘அபொதேக்’, அதாவது மருந்துக்கடை, உள்ளே நடப்பது வேறு. பல கடைகளில் நுழைந்ததும் இயந்திரத்தில் வரிசை எண் எடுக்க வேண்டும். அதில் ‘ரெசெப்ட்’ என்றால் மருத்துவர் சீட்டு. ‘ஹோன்கூப்’ என்றால் சீட்டில்லாமல் வாங்குவது. சீட்டும் காகிதமாக இருப்பதில்லை. மருத்துவர் கணினியில் ஏற்றிவிடுவார், நாம் மஞ்சள் நிற சுகாதார அட்டையை நீட்டினால் போதும். ஆக, அங்கே நாம் பேச வேண்டியதே குறைவு. கேள்வி கேட்பது அவர்கள்தான், அதுவும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்: ‘எ டே டில் டை ஸெல்?’, உங்களுக்கா? முன்பு இதைச் சாப்பிட்டிருக்கிறீர்களா? வேறு மருந்து எடுக்கிறீர்களா? விலை குறைந்த வேறு பெயர் மாத்திரை இருக்கிறது, தரட்டுமா? கடைசியில் ‘போஸெ’ வேண்டுமா, அதாவது பை. இதில் அந்த விலை குறைந்த மாத்திரைக் கேள்வியைத்தான் முதலில் படிக்க வேண்டும். மருத்துவர் தடுத்திருந்தால் ஒழிய, மலிவான சம மருந்தைக் கொடுப்பது அங்கே வழக்கம். விலையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாறும், அதனால் போன மாதப் பெட்டியும் இந்த மாதப் பெட்டியும் வேறு வேறு நிறத்தில் வரலாம். என் செயலியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை!

இல்லாதது போதாதென்று வேண்டாதது ஒன்றும் உண்டு: ‘வலி மாத்திரை பெரிய பெட்டி ஒன்று கொடுங்கள்’. 2013 முதல் டென்மார்க்கில் பாராசிட்டமால் போன்றவற்றின் பெரிய பெட்டிக்குச் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் கிடைப்பது 500 மில்லிகிராமில் 20 மாத்திரை, அதுவும் 18 வயது நிரம்பியவருக்குத்தான்.

மருந்துப் பெட்டியில் கடைக்காரர் ஒட்டித் தரும் லேபிள்தான் எனக்குக் கிடைத்த நல்ல பாடப்புத்தகம். எத்தனை மாத்திரை, நாளுக்கு எத்தனை ‘கங்’ (தடவை) என்பதோடு, எதற்கான மருந்து என்பதும் அதிலேயே இருக்கும். ‘மொட் ஸ்மெர்தர்’ என்றால் வலிக்கு. ‘எஃப்தர் பெஹௌ’ என்றால் தேவைப்படும்போது. இதை வீட்டில் நிதானமாக வாசிக்கலாம், யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

எண்கள் இன்னும் கழுத்தறுப்புதான். 76 என்பதை ‘ஆறும் எழுபதும்’ என்று தலைகீழாகச் சொல்வார்கள். மனைவியின் மருந்தை வாங்கப் போனால் பத்து இலக்க அடையாள எண்ணை இரண்டிரண்டாகச் சொல்ல வேண்டிவரும். நான் அதை எழுதி நீட்டிவிடுகிறேன், அவர்களும் முகம் சுளிப்பதில்லை.

இன்னொன்று, நம் உச்சரிப்பைக் கேட்டதும் சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். ‘கேன் வி டே டே போ டேன்ஸ்க்?’, டேனிஷிலேயே பேசலாமா என்று கேட்டால் சிரித்துக்கொண்டே மெதுவாகப் பேசுவார்கள். கூட்டமான நேரத்தில் மட்டும் கேட்காதீர்கள், பின்னால் வரிசை நிற்கும்.

சந்தாவை இந்த வருடம் நிறுத்திவிட்டேன். புதிதாக வருபவர்களுக்கு முதல் இரண்டு மாதம் மட்டும் கட்டச் சொல்வேன். அப்புறம் பழைய மருந்துப் பெட்டிகளைத் தூக்கிப் போடாமல் வைத்துப் படிக்கலாம், செலவும் இல்லை.